போனார் அச்சுப்படங்களின் முகங்கள்: ஒரு திருத்தம்

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரசவைப் பெண்களைக் காட்டும், பாரிஸில் படம் செதுக்கி விற்ற போனார் குடும்பத்தாரின் செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் நேரில் அமர்த்தி வரையப்பட்டவை என்றும், ஆகவே அக்கோமகள்களின் முகம் இப்படித்தான் இருந்தது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. பாரிஸின் சேன் ழாக் தெருவில் 1680, 1690களில் விற்பனைக்கு வந்த இப்படங்கள் முதன்மையாகக் காட்டுவது உடையைத்தான். உயர்ந்து நிற்கும் ஃபோந்தாஞ்சு தலையணியும் பின்னால் திரட்டிக் கட்டிய மேலாடையும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்க, முகங்களோ பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கும். கீழே பொறித்த பெயரை மாற்றி அதே தகட்டை மறுபடியும் அச்சிட்டு விற்றதும் உண்டு என்பதால், பெயரைச் சான்றாகக் கொள்ள இயலாது.

உண்மையான சாயலைத் தேடுவோர் அதே மன்னர் காலத்து உருவப்படச் செதுக்குநரான ரொபேர் நாந்தேய் போன்றோரிடம் செல்ல வேண்டும். ஆளை எதிரில் அமர்த்தி வரைந்து, பின்னர் அதைத் தகட்டில் செதுக்குவது அவருடைய வழக்கம்; கடித எழுத்தாளரான மதாம் த செவிஞ்ஞேவை அவர் வண்ணக்கோலால் வரைய, அதைக் கொண்டே ழெரார் எதெலிங்க் செதுக்கினார். போனார் படங்களை உடை வரலாற்றுக்கு மேற்கோள் காட்டுவதில் தடையில்லை, அங்கும் விற்பனையாளரின் மிகையைச் சற்றுக் கழித்தே கொள்வேன்.