மனது திறந்துதான் இருக்கிறது, ஆதாரம் எங்கே?

"நீங்க எதுக்கெடுத்தாலும் ஆதாரம், ஆதாரம்னு கேக்கறீங்க. கொஞ்சம் மனசைத் திறந்து வைங்க சார்."

குறி பார்க்கப் பயன்படும் டாரோ சீட்டுகளின் வரலாற்றைப் பற்றி நான் வாய் திறந்த இடத்திலெல்லாம் கிடைக்கும் பதில் இது. வகுப்பு எடுப்பவர் சொல்கிறார். வகுப்புக்குப் போய்வந்தவர் சொல்கிறார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துக் காட்டுபவரும் சொல்கிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இன்றைக்கு மொத்தத்தையும் கொட்டிவிடப் போகிறேன்.

சீட்டு பார்த்துச் சொல்லும் பலன் பலிக்குமா என்பது இங்கே பேச்சே இல்லை. அது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் "இது ஐயாயிரம் வருஷத்து எகிப்தியக் கோயில் ரகசியம்" என்று சொன்னால், அது கடந்த காலத்தில் நடந்ததாகச் சொல்லும் ஒரு தகவல். தகவல் சொன்னால் "எப்படித் தெரியும்?" என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எகிப்துக் கதை எங்கே பிறந்தது என்பது நன்றாகவே தெரியும். 1781-இல் பாரிஸில் அந்த்வான் கூர் த ஜெபலின் என்ற அறிஞர் தன்னுடைய பெரிய தொகுப்பு நூலின் எட்டாம் பாகத்தில் அதை எழுதினார். தோத் என்ற எகிப்தியக் கடவுளின் ஞான நூல் அழியாமல் தப்பி, சீட்டுக்கட்டு வேஷத்தில் நம் கைக்கு வந்திருக்கிறது என்றார். ஒரு கல்வெட்டையோ ஒரு ஓலையையோ அவர் காட்டவில்லை. காட்டவும் முடியாது, ஏனென்றால் அன்றைக்கு எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே இல்லை. அதைப் படிக்க உதவிய ரொசெட்டா கல் கிடைத்தது 1799-இல். ஷாம்பொலியோன் அந்த எழுத்தைப் படிக்க வழி கண்டது 1822-இல். அதற்கு 41 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது!

அப்புறம் என்ன ஆயிற்று? எழுத்து வாசிக்கக் கிடைத்தது. பாப்பிரஸ் சுருள்களும் கல்லறைச் சுவர்களும் இரண்டு நூற்றாண்டுகளாகப் படிக்கப்பட்டு வருகின்றன. டாரோவைச் சாதாரணச் சீட்டுக்கட்டிலிருந்து பிரித்துக் காட்டும் 22 படச் சீட்டுகளின் வரிசை எதிலும் இல்லை. எகிப்தியர்கள் தங்கள் விளையாட்டுகளை மறைத்து வைத்தவர்களும் அல்ல. துத்தன்காமன் கல்லறையிலேயே செனத் ஆடும் பலகைகள் கிடைத்திருக்கின்றன. ஆட்டப் பலகையை ராஜாவோடு சேர்த்துப் புதைத்த ஒரு சமூகம், சீட்டைப் பற்றி ஒரு சுவடுகூட விடவில்லை.

இதைச் சொன்னதும் அடுத்த வசனம் வரும். "ஆதாரம் இல்லைங்கறதாலேயே அது நடக்கலைன்னு ஆயிடுமா?"

ஆகாதுதான். யாரும் பேசாத இடத்தில் நிலவும் மௌனத்துக்கு அர்த்தம் கிடையாது. ஆனால் எல்லோரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு விஷயம் மட்டும் வரவே இல்லை என்றால், அதற்கு அர்த்தம் உண்டு. 1377-இல் ஃபிளாரன்ஸ் நகரம், புதிதாக வந்த சீட்டாட்டத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. அதே ஆண்டு ஃப்ரைபுர்க்கில் யோஹன்னெஸ் என்ற துறவி சீட்டைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நாலு இனம், இனத்துக்கு 13, மொத்தம் 52 என்று எண்ணி வைத்திருக்கிறார். வேறு மாதிரிக் கட்டுகளும் உண்டு என்கிறார். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த மனிதர் மரணம், சூரியன், நிலா, தொங்கும் மனிதன் படங்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் தடைகள், பிரசங்கங்கள், கணக்கு வழக்குகள் என்று சீட்டைப் பற்றிய பதிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. டாரோவின் பழைய பெயரான 'ட்ரியோன்ஃபி' முதலில் எட்டிப் பார்ப்பது 1440 செப்டம்பரில், ஜூஸ்தோ ஜூஸ்தி என்ற நோட்டரியின் நாட்குறிப்பில். சிகிஸ்மோந்தோ மலாதெஸ்தா என்ற பிரபுவுக்குக் கொடுக்க ஃபிளாரன்ஸில் ஒரு கட்டு செய்வித்ததை எழுதியிருக்கிறார். 1442-இல் ஃபெராராவின் எஸ்தே அரண்மனைக் கணக்கில், கட்டுகளுக்கு வண்ணம் தீட்டிய ஓவியருக்குக் கொடுத்த கூலி இருக்கிறது. ஊர், தேதி, வாங்கியவர், விலை எல்லாம் எழுத்தில் இருக்கும் ஒரு பொருளை எதற்கு மணலுக்குள் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும்?

அது என்ன பொருள் என்பதிலும் ரகசியம் ஒன்றும் இல்லை. 28-ம் 304-ம் ஆடியவர்களுக்குத் துருப்பு என்றால் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துருப்பு எது என்று முடிவு செய்வதற்குப் பதிலாக, எப்போதும் துருப்பாகவே இருக்கும் ஒரு தனி வரிசையை நாலு இனங்களோடு சேர்த்தார்கள். அதுதான் இந்தப் படங்கள். பிரான்சில் இன்றைக்கும் சாயங்காலம் உட்கார்ந்து இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். குறி பார்ப்பவர் கையில் இருப்பது ஒரு ஆட்டத்தின் துருப்புச் சீட்டு என்று சொன்னால் அதில் என்ன அவமானம்?

ஜிப்சிகள் கொண்டுவந்தார்கள் என்பது இன்னொரு கதை. அவர்கள் பொலோன்யாவுக்கு வந்ததை ஊர்க் குறிப்பு 1422 என்கிறது. சீட்டு அதற்கு 45 ஆண்டுகள் முன்பே இத்தாலியில் இருக்கிறது. வந்து சேர்வதற்கு முன்பே கொண்டுவர முடியாது. முடிந்தது கதை.

திருச்சபைக்குப் பயந்து மறைத்து வைத்தார்கள் என்பது மூன்றாவது. 1450-இல் ஃபிளாரன்ஸ் சீட்டாட்டங்களைக் கட்டுப்படுத்தியபோது அனுமதித்த சில ஆட்டங்களில் ட்ரியோன்ஃபியும் ஒன்று. சட்டமே அனுமதித்ததை எதற்கு ஒளிக்க வேண்டும்? 1500-ஐ ஒட்டி ஒரு பாதிரியார் இந்த ஆட்டத்தை வெளுத்து வாங்கிய பிரசங்கம் கிடைத்திருக்கிறது. 22 படங்களையும் வரிசையாகச் சொல்லித் திட்டுகிறார். அவருடைய கோபம், கடவுளையும் போப்பையும் பேரரசரையும் ஒரு சூதாட்டத்துக்குள் இழுத்துவிட்டார்களே என்பதுதான். ரகசிய ஞானம் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வெறுத்தவருக்கே தெரியாத ரகசியமா?

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஊகமே கூடாது என்பவன் அல்ல நான். அப்படி இறுகிப்போனவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 'ஆவணம் இல்லையா, வாயை மூடு' என்பவர்கள் எதையும் தேடப் போவதில்லை. தேடுவதற்கே ஒரு ஊகம் வேண்டும்.

1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு சோலா புஸ்கா என்ற 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டின் புகைப்படங்கள் வந்தன. 1909-இல் லண்டனில் பமீலா கோல்மன் ஸ்மித் டாரோவின் 78 சீட்டுகளுக்கும் படம் வரைந்தார், இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் அந்தப் படங்கள். அவருடைய 'மூன்று வாள்' சீட்டில் ஓர் இதயத்தை மூன்று வாள்கள் துளைக்கின்றன. சோலா புஸ்காவின் 'மூன்று வாள்' சீட்டிலும் அதேதான். பமீலா அந்தப் புகைப்படங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்பது ஊகம். ஆனால் ஊர் பொருந்துகிறது, ஆண்டு பொருந்துகிறது, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படங்கள் லண்டனுக்கு வந்தது 1910-இல் என்று நாளைக்குத் தெரிந்தால் ஊகம் அங்கேயே விழுந்துவிடும். எதனால் விழும் என்பதைத் தானே சொல்லும் ஊகம் இது. இதற்கு என் மனது அகலமாகத் திறக்கும்.

கெர்ட்ரூட் மோக்லி என்ற நியூயார்க் நூலகர் 1966-இல் ஒன்று சொன்னார். மிலான் பிரபுக்களுக்காக 15-ஆம் நூற்றாண்டில் வரைந்த விஸ்கோன்ட்டி-ஸ்ஃபோர்ஸா டாரோ கட்டில் இருக்கும் 'பெண் போப்' படம், 1300-இல் மிலானில் எரித்துக் கொல்லப்பட்ட மைஃப்ரேதா என்ற துறவியாக இருக்கலாம் என்று. மைஃப்ரேதா விஸ்கோன்ட்டி குடும்பத்துக்கு உறவு. அவரே போப் ஆவார் என்று அவருடைய கூட்டம் நம்பியது. படத்தில் இருப்பவரும் துறவி உடையில், தலையில் மூன்றடுக்கு மகுடத்தோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இதில் சம்மதம் இல்லை. நடுவில் 150 ஆண்டு இடைவெளி இருக்கிறது, அது திருச்சபையையோ விசுவாசத்தையோ பெண்ணாக உருவகித்த படம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் மோக்லியை மதிக்கிறேன். பெயர் சொன்னார், ஆண்டு சொன்னார், 'இருக்கலாம்' என்ற அளவில் நிறுத்தினார். மறுப்பதற்கு எனக்கு ஒரு பிடி கொடுத்தார்.

எகிப்துக்காரர்களிடம் அந்தப் பிடி இருக்கிறதா? எந்தக் கல்லறை, எந்தச் சுருள், எந்த நூற்றாண்டு? கேட்டால், "எல்லாத்தையும் புத்தியால புரிஞ்சுக்க முடியாது தம்பி" என்கிறார்கள். ஊகம் என்று சொல்லிவிட்டு ஊகியுங்கள், நானும் கூட உட்கார்ந்து ஊகிக்கிறேன். காசு வாங்கி நடத்தும் வகுப்பில் வரலாறு என்று சொல்லி, குறிப்பேட்டில் எழுத வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நல்ல ஆவணம் கையில் இருந்தாலும் ஊகம் வழி தவறும் என்பதற்கு பாரிஸிலேயே சாட்சி இருக்கிறது. 1392-இல் ஆறாம் சார்லஸ் அரசருக்கு மூன்று சீட்டுக்கட்டுகள் செய்ததற்காக கிரங்கொன்னர் என்பவருக்குப் பணம் கொடுத்த கணக்கு உண்மை. பாரிஸ் தேசிய நூலகத்தில் 17 அழகான பழைய சீட்டுகள் இருப்பதும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போட்டு 'சார்லஸ் அரசரின் டாரோ' என்று ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். அந்தச் சீட்டுகள் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய வேலை. ஒருவர் பத்திரத்தில் இன்னொருவர் நிலத்தை எழுதியது போல. பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மனதை மூடி வைத்திருப்பது யார் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். டாரோவின் முதல் பதிவு 1442 என்று ஆய்வாளர்கள் சொல்லி வந்தார்கள். ஜூஸ்தியின் நாட்குறிப்பு தெரியவந்ததும் 1440 என்று மாற்றிக்கொண்டார்கள். டாரோவை வைத்துக் குறி பார்ப்பது 1781-ஐ ஒட்டித்தான் தொடங்கியது என்று நினைத்திருந்தார்கள். ஃபிராங்கோ பிராத்தேசி என்ற ஆய்வாளர் பொலோன்யாவில் ஒரு தாளைக் கண்டெடுத்தார். 1750 வாக்கில் எழுதியது, 35 சீட்டுகளுக்குப் பலன். உடனே அதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆதாரம், ஆதாரம் என்று கேட்பவர்கள்தான் ஒரு தாள் கிடைத்ததும் நகர்ந்தார்கள். எகிப்துக் கதையோ 1781-இல் உட்கார்ந்த இடத்தை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. பமீலாவை வரையச் சொன்ன ஆர்தர் எட்வர்ட் வெயிட்டே எகிப்துக் கதைக்கு ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார். அவர் பெயர் போட்ட கட்டைக் கையில் வைத்துக்கொண்டே எகிப்து என்கிறார்கள்.

எனக்கு வயிறு எரிவது இன்னொன்றுக்கும். பமீலா அந்த வேலையைப் பற்றி 1909-இல் ஒரு கடிதத்தில், வேலை பெரிது, பணம் ரொம்பக் குறைவு என்று எழுதினார். 1951-இல் கடனோடு இறந்தார். பல காலம் கட்டின் பெயரில் பதிப்பாளர் இருந்தார், வெயிட் இருந்தார், பமீலா இல்லை. எகிப்துப் பூசாரி வரைந்தார் என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும், உண்மையாகவே தூரிகை பிடித்தவர்களின் பெயர் இன்னொரு தடவை அழிகிறது.

மர்மம்தான் வேண்டுமென்றால் உண்மையான மர்மம் இருக்கிறது, வாருங்கள். விஸ்கோன்ட்டி-ஸ்ஃபோர்ஸா கட்டில் இன்று மிஞ்சியிருப்பவை 74 சீட்டுகள். சாத்தான் படமும் கோபுரப் படமும் இல்லை. திருச்சபை எரித்துவிட்டது என்பீர்கள். அப்படியானால் பெண் போப்பை ஏன் விட்டுவைத்தது? காசு இனத்துக் குதிரை வீரனும் 'மூன்று வாள்' சீட்டும் ஏன் காணாமல் போயின? இப்போது இதைப் பாருங்கள். மிஞ்சியிருக்கும் 20 படச் சீட்டுகளில் ஆறு பின்னால் வேறு கை வரைந்தவை. முதல் கை வரைந்தவை 14. ஃபெராராவின் 1457-ஆம் ஆண்டுக் கணக்கில், கட்டுக்கு 70 சீட்டு என்று எழுதியிருக்கிறது. டாரோவில் இனத்துக்கு 13 அல்ல, 14. நாலு இனத்துக்கும் சேர்த்து 56, அதோடு 14 படங்களைச் சேர்த்தால் 70. தொடக்கத்தில் சாத்தானும் கோபுரமும் இல்லவே இல்லையோ? அல்லது மிலானும் ஃபெராராவும் வேறு வேறு ஊர் என்பதால் இந்தப் பொருத்தம் தற்செயலா? ஆறு புதுப் படங்களும் தொலைந்தவற்றுக்கு மாற்றா, புதுச் சேர்க்கையா? மாற்று என்பது என் ஊகம். 1450-களின் மிலான் கணக்கு ஒன்றில் 70 என்ற எண்ணைக் காட்டுங்கள், அன்றைக்கே விட்டுவிடுகிறேன்.