ரோட்ரி ஆடாத மேட்சை வைத்து ரோட்ரியை அடிக்காதீர்கள்

2025 பிப்ரவரி 11, செவ்வாய் ராத்திரி மான்செஸ்டர் சிட்டி - ரியல் மத்ரித் சாம்பியன்ஸ் லீக் மேட்ச். மத்ரித்தின் வினிசியஸைச் சீண்ட, எங்கள் சிட்டி ரசிகர்கள் ஒரு பேனர் பிடித்தார்கள்: எங்கள் நடுக்கள ஆட்டக்காரர் ரோட்ரி, 2024ல் வினிசியஸை முந்தி வாங்கிய பாலன் டி ஓரை (உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது) முத்தமிடும் படம். சிட்டி தோற்றது. அதிலிருந்து டைம்லைன் முழுக்க அந்த பேனரை வைத்த கேலிதான். ஒரு பக்கம் அந்த ரோட்ரி படம், இன்னொரு பக்கம் சிரிக்கும் வினிசியஸ், மேலே "இப்பவாவது புரியுதா யாருக்குக் கொடுத்திருக்கணும்னு?" என்று ஒரு வரி. என்னை டேக் செய்தே ஏழெட்டுப் பேர் போட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த பேனர் தேவையே இல்லை. மேட்சுக்கு முன்னால் எதிரணியின் ஆபத்தான ஆளைச் சீண்டிவிட்டுத் தோற்றால் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். ஆனால் அதைப் பிடித்தது கேலரியில் இருந்தவர்கள். ரோட்ரி அன்று களத்தில் இல்லை. 2024 செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிராக முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே போனவர் இந்த மேட்ச் வரை ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அப்புறம் அவர் ஆடாத மேட்சின் ஸ்கோரை வைத்து அவரை எப்படி எடை போடுகிறீர்கள்?

அந்த மேட்சையே எடுத்துக்கொள்வோம். 85 நிமிடம் வரை சிட்டி 2-1 என்று முன்னால் இருந்தது. முடிந்தபோது 2-3. சென்டர் பேக் ஸ்டோன்ஸை நடுவில் நிறுத்தி ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். கடைசி சில நிமிடங்களில் பந்தைக் காலடியில் வைத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று தட்டி, ஆட்டத்தை ஆறப்போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ரோட்ரி. அவருக்கு விருது கொடுத்தது தப்பு என்று நிரூபிக்க, அவர் இல்லாததால் தோற்ற மேட்சைக் கொண்டுவந்து காட்டுகிறீர்கள்!

இது ஒரு மேட்ச் கதை இல்லை. 2023-24 சீசன் பிரீமியர் லீக்கில் சிட்டி மொத்தமே 3 மேட்ச்தான் தோற்றது. உல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் ரோட்ரி சஸ்பென்ஷன். 2024-25 சீசனில் அக்டோபர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் மறுநாள் வரை 13 மேட்சில் ஒரே ஒரு வெற்றி. ஃபெயெனூர்டுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 3-0 என்று இருந்ததை 3-3 ஆக்கிக் கொடுத்தோம். அதே கோச் பெப், அதே ஹாலண்ட், அதே டி பிரைனா. இல்லாதது யார் என்று சொல்லுங்கள்.

"2024 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் வினி கோல் போட்டாரே?" போட்டார். வெம்ப்ளியில் டார்ட்மண்டுக்கு எதிராகப் போட்டார், நானும் பார்த்தேன், அருமையான ஆட்டக்காரர். 2023 ஃபைனலில் இஸ்தான்புல்லில் விழுந்த ஒரே கோலைப் போட்டது யார்? 68வது நிமிடம், எங்கள் பெர்னார்டோ உள்ளே தள்ளிய பந்து எதிரணியான இன்டர் மிலான் ஆள் மேல் பட்டுப் பின்னால் வருகிறது, ரோட்ரி ஓடிவந்து அவசரப்படாமல் உள்பாதத்தால் திருப்பிவிடுகிறார். அதுவும் ஃபைனல்தான்.

"2024 யூரோ ஃபைனலில் ரோட்ரி பாதியிலேயே வெளியே போனார், அவர் இல்லாமலும் ஸ்பெயின் ஜெயித்துவிட்டதே?" அவருக்குப் பதிலாக இறங்கிய சுபிமென்டி அன்று நன்றாக ஆடினார், மறுக்கவில்லை. அதற்காக ரோட்ரி ஒரு மாதம் ஆடிய ஆட்டம் இல்லையென்று ஆகிவிடுமா? தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்று அவரைத்தானே தேர்ந்தெடுத்தார்கள்.

"எண்ணெய்ப் பணம், 115 குற்றச்சாட்டு." அது நிதி விதிகளை மீறியதாக சிட்டி கிளப் மீதுள்ள வழக்கு. தீர்ப்பு வரட்டும், பேசுவோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் திரிக்க வேண்டாம். ஸ்பெயினில் வினிசியஸ் மீது காட்டப்பட்ட நிறவெறி அசிங்கம். 2023 மே மாதம் வாலன்சியாவில் நடந்ததைப் பார்த்தவன் நான். அந்த விஷயத்தில் முழுக்க அவர் பக்கம்தான். ஆனால் அந்தக் காயத்துக்கு ரோட்ரியின் கையிலிருக்கும் விருதைப் பதிலாகக் கேட்காதீர்கள். அந்த நிறவெறியில் ரோட்ரிக்கு எந்தப் பங்கும் இல்லை. பாலன் டி ஓர் விழா அன்று பாரிஸில் சிறந்த கிளப், சிறந்த பயிற்சியாளர் இரண்டு விருதும் மத்ரித்துக்கு. வினிசியஸுக்கு விருது இல்லை என்று அவற்றை வாங்கக்கூட யாரும் வரவில்லை. ஊன்றுகோலுடன் ஒரு மனிதன் மேடை ஏறினான். அந்த ராத்திரியையும் வினிசியஸ் பற்றிய ராத்திரியாகவே மாற்றிவிட்டார்கள். எனக்கு வலித்தது அதுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். நான் வியாசர்பாடியில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஃபுட்பால்) ஆடியவன், கோல் கீப்பர். எங்கள் டீமில் நடுவில் ஒரு அண்ணன் ஆடுவார். பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் மேலாக ஒரு பார்வை பார்த்துவிடுவார். பந்து காலுக்கு வரும்போது உடம்பு ஏற்கெனவே பாதி திரும்பியிருக்கும். நம் பசங்க எல்லோரும் மேலே ஏறும்போது அவர் மட்டும் ஏறாமல், எதிரணி ஃபார்வர்டுக்கு இரண்டடி முன்னால் நின்றுகொண்டிருப்பார். பந்து பறிபோனால் முதல் பாஸ் அவன் காலுக்குத்தான் வரும், அண்ணன் அங்கேயே வெட்டிவிடுவார். என் வரைக்கும் பந்தே வராது. சைடில் நின்று பார்ப்பவர்களுக்கு "இவன் என்னடா நிக்கிறான்" என்றுதான் தோன்றும். பின்னால் நிற்கும் கீப்பருக்குத்தான் அவர் செய்வது முழுசாகத் தெரியும்.

ஒரு வருடம் கப் ஜெயித்தோம். மைக்கில் விங்கர் பெயரைக் கூப்பிட்டார்கள், மாலை போட்டார்கள், தோளில் தூக்கினார்கள். அண்ணன் பந்துகளைப் பொறுக்கி வலையில் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அவர் வேலைக்கு வெளியூர் போய்விட்டார். முதல் ரவுண்டிலேயே நடுவழியாக வந்து வந்து அடித்தார்கள். அன்று எல்லோரும் திட்டியது என்னை.

இன்றும் எங்கள் கிரவுண்டில் சின்னப் பசங்களைக் கேட்டால் எல்லோருக்கும் விங் வேண்டும். நடுவில் நிற்கச் சொன்னால் முகம் தொங்கிவிடுகிறது. முப்பது விநாடி ரீல்ஸில் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தால் வேறு என்ன ஆகும்? ரீல்ஸில் டிரிப்ளிங் வரும், கோல் வரும். நடக்கவிடாமல் தடுத்த கவுன்டர் அட்டாக் எந்த ரீல்ஸிலும் வராது. அந்த வேலைக்கு எப்போதோ ஒரு தடவை உலகத்தின் பெரிய விருது கிடைத்தது, அதையும் திருட்டு என்கிறீர்கள். பார்சிலோனாவின் புஸ்கெட்ஸ் வாழ்நாள் முழுக்க அதே இடத்தில் ஆடியும் முதல் மூன்று இடத்துக்குள் வந்ததில்லை. அப்போது யாராவது குரல் கொடுத்தீர்களா?

இது மற்ற யாரையும் விட மத்ரித் ரசிகர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 2003ல் பெக்கமை வாங்கிவிட்டு அதே கோடையில் இதே தடுக்கும் வேலையைச் செய்த மகெலெலேவைச் செல்சிக்கு அனுப்பினீர்கள். அதற்கப்புறம் லீக் பட்டம் 2007ல்தான் வந்தது. 2024ல் உங்கள் நடுக்கள ஆட்டக்காரர் குரூஸ் ஓய்வு பெற்றார். அந்த அக்டோபரில் பார்சிலோனா உங்கள் மைதானமான பெர்னபியூவுக்கே வந்து 4-0, 2025 ஜனவரியில் சூப்பர் கோப்பை ஃபைனலில் 5-2 என்று உங்களை அடித்தது. அந்த இரண்டு ராத்திரியும் "குரூஸ் இல்லாமல் நடுவில் ஆளே இல்லை" என்று இதே குரூப்பில் புலம்பியது நீங்கள்தான். குரூஸுக்கு ஒரு நியாயம், ரோட்ரிக்கு ஒரு நியாயமா?

அடுத்த வாரம் பெர்னபியூவில் இரண்டாவது லெக். இப்போதிருக்கும் நடுக்களத்தை வைத்துக்கொண்டு சிட்டி வெளியே போகத்தான் போகிறது என்றே நினைக்கிறேன். எம்பாப்பேயைப் புகழுங்கள், வினியைப் புகழுங்கள், நானும் லைக் போடுகிறேன். அன்றைக்கும் ரோட்ரி படத்தைப் போட்டு என்னை டேக் செய்தால் மட்டும் பதில் வராது, நேராக பிளாக்தான்.