சம்பூரில் நடப்பது நிலக்கரி வேலையல்ல

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் வேலியடித்து நிலம் திருத்துவது நிலக்கரி அனல் மின்நிலையத்தை மறுபடி தொடங்கத்தான் என்று ஒருவர் எழுதியதைப் பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியல்ல. 500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதைக் கட்டப்போவதில்லை என்று அந்த வருடம் செப்டெம்பரில் சட்டமா அதிபர் தரப்பு உயர் நீதிமன்றத்திலேயே அறிவித்தது. இப்போதுள்ளது சூரிய மின்சக்தித் திட்டம், இரண்டு கட்டமாக 120 மெகாவாட். 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது.

குழப்பம் வந்ததில் வியப்பில்லை. நிலக்கரிக்கென்று இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்டிபிசியும் சேர்ந்து 2011இல் உருவாக்கிய அதே திருகோணமலை மின் கம்பனிதான் இதையும் செய்கிறது. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்தால் யாருக்கும் பழைய கதைதான் ஞாபகம் வரும்.

நேரில் பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது, கரி கப்பலில்தான் வரவேண்டும். ஆகவே இறங்குதுறை, கரி கொட்டும் முற்றம், சாம்பல் குழி, உயரமான புகைபோக்கி எல்லாம் வேண்டும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் இவை இருக்கின்றன. சூரியத் தகடுகளுக்கு வரிசை வரிசையாகத் தாங்கிகளும் மின்மாற்றிகளும் கம்பித் தொடரும் போதும்.

எழுத்தில் வேண்டுமென்றால் மூதூர் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே விண்ணப்பியுங்கள். “இக்காணி எந்தத் திட்டத்துக்கு?” என்று ஒரே கேள்வி போதும். கையளித்ததற்குப் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும்.