துத்வா காண்டாமிருகம் வெளியூர் விலங்கா?

"காண்டாமிருகம் அசாம் விலங்கு, உத்தரப் பிரதேசத்தின் துத்வா தேசியப் பூங்காவில் விட்டதே இயற்கைக்கு எதிரானது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது தவறு. ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் ஒரு காலத்தில் சிந்து வெளி வரை இருந்தது. சிந்துவெளி முத்திரைகளில் அதன் உருவம் இருக்கிறது. பெஷாவர் பக்கம் அதை வேட்டையாடியதைப் பாபரே எழுதி வைத்திருக்கிறார். துத்வாவை ஒட்டி, இமயமலை அடிவாரத்தில் இருக்கும் தெராய்ப் புல்வெளிகளும் அதன் பழைய வீடுதான். 19ஆம் நூற்றாண்டில் வேட்டையில் அங்கே அற்றுப்போனது. அசாமில் மிஞ்சியதால் அது அசாமுக்கு மட்டும் சொந்தமாகிவிடாது.

"சும்மா கொண்டுபோய் விட்டார்கள், தானாகப் பெருகிவிட்டது" என்று இன்னொருவர் சொல்வதும் சரியில்லை. 1984இல் அசாமிலிருந்து துத்வாவுக்கு 5 காண்டாமிருகங்கள் வந்தன. அவற்றில் 2 பெண் விலங்குகள் சீக்கிரமே இறந்துவிட்டன. அடுத்த ஆண்டு நேபாளத்தின் சித்வனிலிருந்து 4 பெண் காண்டாமிருகங்கள் வந்தன, பதிலுக்கு 16 யானைகளைக் கொடுத்து! (இன்றைக்கு இப்படி ஒரு பண்டமாற்றைக் கற்பனை செய்ய முடிகிறதா?) அப்புறம் பல ஆண்டுகள் மின்வேலிக்குள்தான் வாழ்ந்தன. சில விலங்குகளை வேலிக்கு வெளியே விட்டதே 2024 நவம்பரில்தான்.

குறை சொல்ல வேண்டுமென்றால் வேறு இடம் இருக்கிறது. பெரும்பாலான கன்றுகளுக்கு நெடுங்காலம் ஒரே ஆண்தான் தகப்பன். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகும் அந்த ஆபத்தைப் பற்றிப் பேசுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.