கலவையைத் தொகுப்பு என்னலாமா?

எங்கள் ஊர்க் கோயிலின் குடமுழுக்கு மலருக்கு வந்த கட்டுரை ஒன்றைத் திருத்தும் பொறுப்பு சென்ற மாதம் என்னிடம் வந்தது. வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்த தீரன் சின்னமலை, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல் என்று கூறியனுப்பிய செவிவழிக் கதையும், 1805இல் சங்ககிரிக் கோட்டையில் அவர் தூக்கிலிடப்பட்ட வரலாறும், கட்டுரையாளரின் பாட்டியார் சொன்ன சேதியும் ஒரே பத்தியில், ஒரே உறுதியோடு ஓடின. தலைப்பின் கீழே 'தொகுப்பு' என்று போட்டுத் தம் பெயரை எழுதியிருந்தார்.

அந்தச் சொல்லோடுதான் என் வழக்கு. தொகுக்கப்பட்டது தன் முகத்தை இழப்பதில்லை; புறநானூற்றைத் தொகுத்தவர் 400 பாடல்களையும் உருக்கி ஒரே பாட்டாக வார்த்துவிடவில்லை. இந்தக் கட்டுரையோ கலவை. கலப்படம் என்றால் வஞ்சனை வந்துவிடும். அவர் வஞ்சகர் அல்லர்.

கலவை என்பது இழிவும் அன்று. கோவை நூற்பாலை ஒன்றில் மிக்சிங், அதாவது பஞ்சு கலக்கும் வேலை, பார்த்த என் தந்தையார், 170 கிலோ பேல் எனும் பஞ்சுப் பொதி ஒவ்வொன்றிலிருந்தும் சிறிது பஞ்சை உருவி, இரு கட்டைவிரல்களுக்கும் நடுவே பிரித்துப் பிரித்து இழையின் நீளம் பார்ப்பார். கலப்பு சரியில்லையென்றால், முதிராத இழை சாயத்தைக் குறைவாக ஏற்பதால், திருப்பூர் போய்ச் சேர்ந்த துணி பட்டை பட்டையாகக் காட்டிக் கொடுத்துவிடும். இத்தனை பாடுபட்டு வேற்றுமையை மறைத்தவர், எந்த லாட்டிலிருந்து எத்தனை பேல் போட்டோம் என்பதை நோட்டில் எழுதாமல் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை.

வெவ்வேறானவற்றை ஒன்றெனக் கொண்டு குழப்புவதற்கு ஆங்கிலத்தில் 'கன்ஃப்லேட்' என்கிறார்கள். அதைத் தமிழில் 'ஒருங்கிணைத்தல்' என்று எழுதுவது குழப்பத்துக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிப்பதாகும். நமக்கு 'மயக்குதல்' இருக்கிறது. ஐம்பூதங்களும் "கலந்த மயக்கம்" என்றே தொல்காப்பியம் உலகத்தைச் சொல்கிறது. இன்று தலைசுற்றலுக்குப் போய்விட்ட அச்சொல்லுக்குள் கலத்தல், குழம்புதல் என்ற இரு பொருளும் இன்னும் இருக்கின்றன. (நன்னூலின் மெய்ம்மயக்கத்தில் மட்டும் குழப்பமில்லை, கூடி நிற்கும் இரண்டு மெய்யெழுத்தும் தத்தம் ஒலியோடுதான் நிற்கும்.)

கட்டுரையாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். "கலவைன்னு போட்டா சிமெண்டுக் கலவைன்னு நினைச்சுக்குவாங்களேங்க" என்றார். மறுக்க முடியவில்லை. 'தொகுப்பு' என்பதை 'எழுதியவர்' என்று மாற்றி, பாட்டியார் சொன்ன இடத்தில் 'என் பாட்டி சொல்லக் கேட்டது' என்றும், வழிமறித்த இடத்தில் 'ஊரில் வழங்கும் கதை' என்றும் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பினோம்.