இன்சுலின் சிரிஞ்ச் எல்லாம் ஒன்றல்ல

"எந்த இன்சுலின் சிரிஞ்சாக இருந்தாலும் 20ஆம் கோடு வரை இழுத்தால் 20 யூனிட்தான்" என்று மேலே ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இது தவறு. புதிதாக வார்டுக்கு வரும் நர்ஸ் பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் இரண்டு அடர்த்தியில் கிடைக்கின்றன. யூ-40 என்றால் 1 மில்லியில் 40 யூனிட். யூ-100 என்றால் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு என்பது அரை மில்லி. அதில் யூ-100 மருந்தை இழுத்தால் நோயாளிக்குப் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! இரவில் இப்படி நடந்தால், சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பவரைத் தூங்குகிறார் என்றே நினைத்துவிடுவோம்.

மாறாக, யூ-40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை குறையவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். அப்புறம் சரியான சிரிஞ்ச் கைக்கு வரும் நாளில் ஆபத்து.

மூடியின் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். குப்பி லேபிளிலும் சிரிஞ்சிலும் அச்சடித்த எண் ஒன்றுதானா என்று படித்துப் பாருங்கள். இழுத்த அளவை இன்னொரு நர்ஸிடம் காட்டிவிட்டே போடுங்கள்.