நூர்பர்க்ரிங் டோல் ரோடுதான், விதி இல்லாத ரோடு இல்லை

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் நாமே கார் ஓட்டுவது பற்றி மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு, "பொதுமக்கள் ஓட்டும் நேரத்தில் அங்கே எந்த விதியும் கிடையாது, வீடியோ கேமில் பழகினாலே போதும்" என்று ஒருவர் பதில் சொல்லியிருப்பது தவறு. தம்பி அதை நம்பிக் கிளம்பிவிடக் கூடாது.

அந்த நேரத்தில் நோர்ட்ஷ்லைஃபே, அதாவது நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று, ஒருவழி டோல் ரோடு. ஜெர்மன் சாலை விதிகள்தான் பொருந்தும். இடப்பக்கம் மட்டுமே முந்தலாம். தஞ்சாவூர்–கும்பகோணம் ரோட்டில் வலப்பக்கம் ஏறியே பழகிய கைக்கு இதுதான் முதல் ஆபத்து. பின்னால் வேகமாக வண்டி வந்தால் வலது இண்டிகேட்டர் போட்டு, வலது ஓரமாகவே போய் வழிவிடணும். கண்ணாடியை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருங்க தம்பி.

திருப்பங்களின் வரிசையை மனப்பாடம் செய்ய கேம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் 20.8 கிலோமீட்டரில் சுமார் 300 மீட்டர் உயர வித்தியாசம். நம்ம டெல்டாவில் ஆற்றுப்பாலம்தான் மேடு! அங்கே ஃபுக்ஸ்ரோரே என்ற இறக்கத்தில் வேகம் கூடிக்கொண்டே போகும், அடியில் வண்டி அப்படியே அமுங்கும், உடனே ஏற்றம். ஏறி முடிக்கும் இடத்தில் அடேனவர் ஃபோர்ஸ்ட் என்ற திருப்பம், கிட்டே போகும்வரை கண்ணுக்கே தெரியாது. இந்த அமுக்கத்தைத் திரை உடம்புக்குச் சொல்லாது. ஒரு பக்கம் வெயில் காய, மறுபக்கம் மழை பெய்வதும் அங்கே சகஜம்.

பிரேக் ஆயில், டயர் இரண்டையும் முன்கூட்டியே பாருங்க. சாதாரண வாடகைக் கார் வேண்டாம். பல ஒப்பந்தங்கள் அங்கே ஓட்டத் தடை போடுகின்றன. இடித்தால் தடுப்புவேலிக்கான செலவும் நம்ம தலையில்தான்.